அடுத்தவங்க வாங்க

"அம்மா, என் வாயிலருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கிப் போடணும்."

வரிசையில் வருகிறவர்களிடம் குறை கேட்கும் குன்றடி மடத்து அம்மா, தன் முறை வந்து முன்னால் உட்கார்ந்த அமைச்சர் கோதண்டபாணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல் பிடுங்குறவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்காரே, மேனேஜரே."

அமைச்சராகி மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு அவர் இன்னமும் மேனேஜர்தான்.

ஊருக்கே அப்படித்தான். பேங்க்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி, "சரி... அடுத்தவங்க வாங்க" என்பார் பாருங்கள், அந்தக் குரலுக்கு மயங்காத ஆள் கிடையாது. ரைஸ்மில் முதலாளியும் வரிசையில்தான். கீரைக்காரியும் வரிசையில்தான்.

"யோவ், நான் யாருன்னு தெரியுமா?" என்று முதலாளி உறுமுவார்.

"தெரியுங்க. கீரைக்காரம்மாவுக்கு அடுத்த ஆள்."

அந்த ஒரு பதிலுக்காகவே ஊர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டசபையில் உட்கார வைத்தது. மேனேஜர் அங்கேயும் மாறவில்லை. மனு வாங்குவார், கண்ணாடியை இறக்குவார், அடுத்தவங்க வாங்க.

போன மாதம் சடையப்பன் இறந்துபோனார். தேர்தலுக்குத் தேர்தல் ஆட்டோவில் மைக் பிடித்து, மேனேஜருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்.

துக்க வீட்டில் சடையப்பன் மனைவி செவந்தி, அமைச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அவரு கடைசியா என்ன கேட்டாருன்னா..."

பின்னால் கூட்டம் நெருக்கியது. அமைச்சரின் மூக்குக்கண்ணாடி தானாக இறங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"சரிம்மா. அடுத்தவங்க வாங்க."

செவந்தி கையை விட்டாள்.

எவனோ அதைச் செல்போனில் பிடித்துவிட்டான். இப்போது மாவட்டம் முழுக்கக் கிரிக்கெட்டில் ஒரு விக்கெட் விழக்கூடாது. ஃபீல்டர் மொத்தப் பேரும் கண்ணாடியை இறக்குகிறார்கள்: "சரிம்மா, அடுத்தவங்க வாங்க!"

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும்மா" என்றார் கோதண்டபாணி. "அவ என் கையை விட்டா பாருங்க. அதுதான்..."

அம்மா இல்லாத கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கினார்.

"சரி... அடுத்தவங்க வாங்க."

அச்சு அசல் அதே குரல். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமைச்சரின் பி.ஏ.வுக்கு முகம் கறுத்துவிட்டது.

அமைச்சர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போனார். வேறு எங்கே போவார்?

வெயில் ஏறியது. திரும்ப அவர் முறை வந்தது.

"அம்மா, அன்னைக்கு நான்..."

"அடுத்தவங்க வாங்க."

மறுபடி கடைசி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி முன்னால்.

இந்தத் தடவை அம்மா கையைக் கட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க, மேனேஜரே."

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"என்னாச்சு?"

"தொண்டையில நிக்குதும்மா. பாதியிலயே."

"எப்பருந்து?"

"காலையிலருந்து."

"அவளுக்கு ஒரு மாசமா."

கோதண்டபாணி எழுந்தார். செருப்பை மாட்டக்கூட மறந்து காருக்கு நடந்தார்.

"சார், மூணு மணிக்குப் பாலம் திறப்பு" என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பி.ஏ.

கார் சடையப்பன் வீட்டுக்குப் போனது. செவந்தி வாசலிலேயே நின்றாள்.

"என்ன சார், எலெக்‌ஷன் வந்துருச்சா?"

"இல்லம்மா. அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தீங்க. சடையப்பன் கடைசியா என்ன கேட்டாரு?"

அவருக்குப் பின்னால் கேமராக்காரன் யாராவது வருகிறானா என்று பார்த்தாள். இல்லை. பாயை விரித்தாள்.

"டீ கேட்டாரு சார். சுகராச்சேன்னு சக்கரை போடாம குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, 'ஏ செவந்தி, இது டீயா, கழனித்தண்ணியாடி?'ன்னு சிரிச்சாரு. அதோட சரி." முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "ஒரு கரண்டி போட்டிருந்தா என்ன சார்? ஒரே ஒரு கரண்டி."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சார்... பாலம்..." என்றது வாசல்.

அவருக்குக் கேட்கவில்லை. செவந்தி அழுது முடிக்கும் வரை பாயிலேயே இருந்தார். அழுது முடிக்க நேரமானது.

கடைசியில் அவளே மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"டீ குடிக்கிறீங்களா சார்?"

"குடிக்கிறேம்மா."

"உங்களுக்கும் சுகராச்சே."

"ஒரு கரண்டி போடுங்க."

செவந்தி அவரையே பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பி.ஏ. தலையை நீட்டினார். "சார், பாலத்துல எல்லாரும் காத்துக்கிட்டு..."

செவந்தி வாசல் பக்கம் திரும்பினாள். இல்லாத கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கினாள்.

"சரி... அடுத்தவங்க வாங்க!"

பி.ஏ. திருதிருவென்று விழித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கோதண்டபாணி பாயில் நகர்ந்து இடம் விட்டார்.