ஆள்காட்டியின் சிறகும் வானத்தாரும்

மருதங்குளத்துக் கரையில் பருக்கைக் கல் பரவிய ஒரு மேடு. அந்த மேட்டில் அங்காயி என்ற ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டிக்குக் கூடு கட்டும் வழக்கமே கிடையாது. கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். சட்டென்று யார் கண்ணுக்கும் தெரியாது. அவ்வளவுதான் அதற்குக் காவல்!

முட்டை இட்ட வாரமே அவள் புருஷனை ராஜாளி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடை, காவல், சண்டை எல்லாம் அவள் ஒருத்தி தலையில்தான். முட்டைக்குள் குஞ்சுகள் கீச்சிடவும் ஆரம்பித்துவிட்டன. இன்றோ நாளையோ பொரிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து ஒருவர் இறங்கினார்.

லேசுப்பட்ட ஆள் இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்து "எரி" என்றால் எரியும், "அணை" என்றால் அணையும். அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவர் அண்டம் முழுக்க இல்லை. பசி கிடையாது, தூக்கம் கிடையாது, சாவும் கிடையாது. ஆனால் மனதுக்குள் ஒரு குடைச்சல் மட்டும் இருந்தது. மேலிருந்து பார்க்கும்போதெல்லாம் இந்தச் சின்ன உயிர்கள் விடிந்தால் ஓடுகின்றன, பொழுது அடைந்தால் தூங்குகின்றன, மறுபடி ஓடுகின்றன. இன்றைக்கு இருப்பது நாளைக்கு இல்லை. அப்படியும் விடாமல் ஓடுகின்றன. எதற்காக? அதுதான் அவருக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு சிநேகிதர்கூட அவருக்கு இல்லை, பாவம்!

குளக்கரை முழுக்க ஒரே வெளிச்சம். தாமரை இலையில் உட்கார்ந்திருந்த தவளை தொந்தியப்பன் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"ஐயா, வானத்துலேர்ந்து வந்தவரே! கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைங்க! கண்ணு அவிஞ்சு போயிரும் போல இருக்கு!"

"உங்களைப் போல உருவம் எடுத்துக்கொள்ளட்டுமா?"

"எடுங்க சாமி, எடுங்க!"

எடுத்தார். யானையின் தும்பிக்கை, மயிலின் தோகை, நண்டின் கால், நடுவில் தவளையின் வயிறு! எல்லாரையும் போல இருக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு நின்றார். தொந்தியப்பன் சிரித்த சிரிப்பில் இலையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். "வானத்தார் வந்திருக்கார், வானத்தார் வந்திருக்கார்!" என்று குளமெல்லாம் சொல்லிக்கொண்டு நீந்தினான். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

வானத்தார் அதே கோலத்தில் மேட்டுப் பக்கம் நடந்தார். அங்காயி பாய்ந்து வந்து மறித்தாள்.

"நில்லுங்க! அங்கேயே நில்லுங்க! இன்னும் ஒரு அடி வச்சீங்க, கண்ணைக் கொத்திப்புடுவேன்!"

வானத்தார் திகைத்துப் போனார். "நான் யார் தெரியுமா?"

"யாரா இருந்தா எனக்கென்ன? உங்க காலடியில என் பிள்ளைங்க கிடக்குது!"

அவர் குனிந்து பார்த்தார். கல்லுக்கு நடுவே புள்ளி போட்ட நாலு முட்டைகள். அடேயப்பா, உள்ளங்கையளவு உடம்பை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன துணிச்சல்! அவருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. உடனே தானும் ஓர் ஆள்காட்டியாக மாறினார்.

"கோபப்படாதே, அம்மா. நீ ஏன் இப்படிப் பாடுபடுகிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். உனக்கு ஏதாவது உதவி செய்யவும் ஆசை."

"ஒரு உதவியும் வேணாம். சும்மா தள்ளி உட்காருங்க, அதுவே போதும்!"

தள்ளித்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் புதர் அசைந்தது. செவளை என்ற பெண் நரி மூக்கை நீட்டி மோந்துகொண்டே மேட்டை நோக்கி வந்தாள்.

அங்காயி முட்டையை விட்டு எழுந்து வேறு பக்கம் ஓடினாள். ஒரு சிறகைத் தரையில் போட்டு இழுத்தாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். "ஐயோ! ஐயோ!" என்று அலறினாள். செவளைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பறக்க முடியாத குருவி! அவள் அங்காயியைத் துரத்த ஆரம்பித்தாள். மேடு பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

வானத்தாருக்கு மனம் பொறுக்கவில்லை. "அடடா, சிறகு ஒடிந்துவிட்டதே! இதோ, நான் சரிசெய்கிறேன்!"

கண்ணை ஒரு சிமிட்டு சிமிட்டினார். அங்காயியின் சிறகு தானாக விரிந்தது. புதுப் பலம் வந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, விர்ரென்று ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று!

செவளை அண்ணாந்து பார்த்தாள். அவள் என்ன முட்டாளா? "ஓகோ! இவ்வளவு நல்லாப் பறக்கிறவ எதுக்குடி நொண்டினே?" என்று சொல்லிவிட்டு நேரே மேட்டுக்குத் திரும்பினாள். நறுக்கென்று ஒரு சத்தம். ஒரு முட்டை போய்விட்டது.

அடுத்த முட்டைக்கு வாயைத் திறப்பதற்குள் வானத்தார் அவளை நின்ற இடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டார். அங்காயி கல் மாதிரி கீழே வந்து விழுந்தாள். உடைந்த முட்டையோட்டைப் பார்த்தாள். அவள் அழுத அழுகையில் தொந்தியப்பன்கூட வாயை மூடிக்கொண்டான்.

"நல்லா இருந்த சிறகை யார் சரிபண்ணச் சொன்னா உங்களை?"

"நீ வலியில் அலறினாயே!"

"நடிச்சேன் ஐயா, நடிச்சேன்! என்னைத் தின்ன வந்தா என் பிள்ளைங்க பிழைக்கும். அதுக்குத்தானே நொண்டினேன்! இது குளத்துல இருக்கிற சின்ன மீனுக்குக்கூடத் தெரியுமே!"

வானத்தார் தலை குனிந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, ஒரு புது முட்டையைச் செய்து அவள் முன் வைத்தார். "அழாதே, அம்மா. அதே நிறம், அதே புள்ளி, அதே எடை. பார்!"

அங்காயி அதன் மேல் காதை வைத்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

"கீச்சிடச் சொல்லட்டுமா?" என்றார் அவர்.

"நீங்க சொல்லிக் கீச்சிட்டா அது என் பிள்ளை ஆயிருமா? அது தானா என்னைக் கூப்பிட்டுச்சு ஐயா! நானும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன்!"

அவர் அந்த முட்டையைச் சத்தமில்லாமல் மறையச் செய்துவிட்டார். அண்டத்தையே ஆட்டிவைத்தவருக்கு அன்றுதான் முதல் தடவையாக வெட்கம் வந்தது. அங்காயி அழுதுகொண்டே போய் மிச்சமிருந்த மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உட்காராமல் முடியுமா?

"இந்த நரியைத் தூர நட்சத்திரத்துக்கு எறிந்துவிடட்டுமா?" என்று கேட்டார் வானத்தார்.

"எறிங்க!" என்றாள் அங்காயி.

அசைய முடியாமல் நின்ற செவளைக்கு வாய் மட்டும் அசைந்தது. "என் குட்டிங்க பொந்துல நேத்திலேர்ந்து பட்டினி. எறியறதா இருந்தா அதுங்களையும் என்கூடவே எறிஞ்சுடுங்க, சாமி."

அங்காயி அவளை முறைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

"விட்டுத் தொலைங்க. வயிறு எரியுது எனக்கு. ஆனா அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? அவ வருவா, நான் நொண்டுவேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது."

வானத்தார் விட்டார். செவளை ஒரே ஓட்டமாகக் காட்டுக்குள் ஓடிவிட்டாள். அவளுக்கும் குட்டிகளுக்கும் ஒரு வாய் கறி கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாளாவது பசித்திருந்தால் அல்லவா தோன்றும்!

உச்சி வெயில் வந்தது. கல் கொதித்தது. இந்த நேரத்தில் ஆள்காட்டி குளத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்க வேண்டும். இல்லையென்றால் குஞ்சு உள்ளேயே வெந்துவிடும். அங்காயி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். முட்டையைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

"நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்றார் வானத்தார் தயங்கித் தயங்கி.

"நீங்களா? ஐயோ சாமி!"

தண்ணீரிலிருந்து தொந்தியப்பன் குரல் கொடுத்தான். "அக்கா சொல்றது சரிதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல, அதனால உங்களுக்கு ஒண்ணும் புரியாது!"

 வானத்தார் தன் சக்தி முழுவதையும் கழற்றி வானத்துக்கே அனுப்பிவிட்டார். "பொழுது சாயும் வரை திரும்பி வராதே!" என்று அதற்குக் கட்டளையும் போட்டார். அந்த நிமிஷமே வெயில் அவரைச் சுட்டது. தொண்டை வறண்டது. வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. "இது என்ன?" என்று பயந்து போனார்.

"பசி!" என்றான் தொந்தியப்பன்.

அங்காயிக்கு வேறு வழியில்லை. அவரை முட்டை மேல் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் பறந்தாள். அவர் வயிற்றுக்குக் கீழே மூன்று முட்டைகளும் மெல்ல அசைந்தன. ஒன்று கீச்சிட்டது. அவர் தன்னை அறியாமலே பதிலுக்குக் கீச்சிட்டார்.

புதர் மறுபடி அசைந்தது. செவளைதான்!

வானத்தாருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. எத்தனையோ நட்சத்திரங்கள் வெடித்தபோது அடிக்காத நெஞ்சு! "ஓடிப் போய்விடு" என்று கால் சொன்னது. அவர் ஓடினார்தான். ஆனால் நரி வந்த பக்கம் ஓடினார். சிறகைத் தரையில் போட்டு இழுத்தார். நடிப்பு கொஞ்சமும் சரியில்லை. ஒரு தடவை இடது சிறகு, ஒரு தடவை வலது சிறகு! நல்லவேளை, முட்டையைவிடக் குருவிதான் குட்டிகளுக்குப் பெரிய இரை என்று நினைத்த பசித்த நரிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. துரத்தினாள். அவர் மேட்டைத் தாண்டினார், முள்காட்டைத் தாண்டினார். "இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைசியில் செவளை எட்டிப் பிடித்துவிட்டாள். சிறகு நிஜமாகவே ஒடிந்தது. எப்படித்தான் உதறினாரோ, ஒரு வாய் இறகை அவளிடம் விட்டுவிட்டு முள்ளுக்குள் புகுந்துகொண்டார். செவளை இறகைத் துப்பிவிட்டு, மேடு வெகுதூரமாகிவிட்டதால் பக்கத்தில் இருந்த குளத்துச் சேற்றில் இறங்கி நாலு நண்டு பிடித்துக்கொண்டு குட்டிகளிடம் போனாள்.

பொழுது சாயும் நேரம். வானத்தார் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் ரத்தம். முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த அங்காயி பதறி எழுந்தாள்.

"ஐயா! என்ன ஆச்சு உங்களுக்கு?"

 எதற்காக ஓடுகிறீர்கள் என்று கேட்க வந்தவர், அதைக் கேட்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. 

"மூணும் இருக்கா, அங்காயி? மூணும் இருக்கா?"

தன் சுகம் போகுமே என்ற பயத்தையும் மீறி, இன்னொருவருக்காக வலி பட்டவருக்கே பிற உயிர்களின் பாடு புரியும்.