நாலு டிகிரி

மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்ப்பவர் பிலோமினா. வயது முப்பத்து நாலு. அவரிடம் தொழில் கற்ற தெய்வசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் ஆய்வகப் பொறுப்பாளர். "டீச்சர்" என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அன்று காலை பிலோமினா அந்த ஆய்வகத்துக்கு வந்தபோது சிகாமணியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு ரத்த குரூப் தப்பா சொல்லிட்டேன் டீச்சர். ரெண்டாவது தடவை பார்த்ததால தப்பிச்சா."

"எப்படித் தப்பாச்சு?"

"டெஸ்ட் மருந்து கெட்டிருக்கு. ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் எப்படிக் கெட்டுச்சு?"

பிலோமினா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். காலை நாலு டிகிரி. மாலை நாலு டிகிரி. கடைசி வரி வரைக்கும் நாலுதான்.

"இன்னைக்கு என்ன தேதி சார்?"

"பதினாலு."

"இருபத்தெட்டாம் தேதி சாயங்காலத்துக்கும் நாலுன்னு போட்டிருக்கு. ஜோசியமும் பார்ப்பீங்களா?"

அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒண்ணாம் தேதியே மொத்தமா எழுதி வச்சிடுறது டீச்சர். கூடக் குறைய எழுதினா மெமோ வருது."

பிலோமினா தன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்துக் கதவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காட்டினார். பதினாறு. எட்டைத் தாண்டினாலே மருந்து கெட ஆரம்பித்துவிடும்.

"உள்ள ஃபேன் போயிருக்கும்," என்றார் சிகாமணி. "நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே? அரை மணி நேரத்துல நானே மாத்திடுறேன். பதினாறுன்னு யாருக்கும் தெரியவே வேணாம்."

டூல்ஸ் பெட்டியை எடுக்கப் போனார். பிலோமினா அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல எழுதுங்க."

சிகாமணி பேனாவைத் திறந்துகொண்டு நின்றார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ கூட வாங்காதவர். பயமாகத்தான் இருந்தது. வார்டில் படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் நினைவு அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த மாதத்து நாலுகள் அத்தனையையும் அடித்தார். பதினாலாம் தேதிக்கு நேரே பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ரிப்பேர் பண்ணிட்டு எழுதியிருந்தா ஆகாதா டீச்சர்?"

பிலோமினா எழுந்து பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"இவ்வளவு நேரமும் தாள்ல இது நல்லா ஓடிட்டிருந்த ஃபிரிட்ஜ், சார். நல்லா ஓடுறதை யாரால ரிப்பேர் பண்ண முடியும்? இப்பதான் கெட்டிருக்கு. கழட்டுங்க."