ஐந்து நிமிடக் கடல்

மர்சலின் முன்பு கப்பலில் வழி பார்க்கும் அதிகாரியாக இருந்தவள். குழந்தை பிறந்தபின் கரையிலேயே தங்கிவிட்டாள். ஆழ்கடல் படகு ஓட்டும் ததேயு அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவளிடம்தான் நட்சத்திரக் கணக்குப் படித்தார். டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் ஒரு சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். அதற்குள் பழைய செல்போன் கேமரா, உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், ஒரு சின்னக் கடிகாரம்.

"வானத்து வெள்ளிகளப் பார்த்து நாம நிக்கிற இடத்த இதுவே சொல்லிடும், டீச்சர். செயற்கைக்கோள் வேண்டாம். எல்லாம் மலிவுச் சாமான்."

போன வருஷம் நடுக்கடலில் ஜி.பி.எஸ். செத்துப்போனது. தெரியாமல் எல்லை தாண்டிய ததேயுவும் ஏழு பேரும் எட்டு மாதம் வெளிநாட்டுச் சிறையில் கிடந்தார்கள். நாளை அதே ஏழு பேரோடு கிளம்புகிறார்.

மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். படகு போகும் திசையையும் வேகத்தையும் மணிக்கு மணி எழுதி, இருக்கும் இடத்தைக் கையால் கணக்குப் போடச் சொல்லி அவள் கொடுத்த நோட்டு அது.

"இனி இது எனக்கு வேணுமா?"

மர்சலின் நோட்டை வாங்கிக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் வைத்தாள்.

"வாங்க, கடற்கரைக்குப் போவோம்."

முதல் நட்சத்திரங்கள் வந்திருந்தன. ததேயு டப்பாவை மணலில் வைத்தார். அது கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு எண்களைக் காட்டியது. மர்சலின் கடல் வரைபடத்தை விரித்து ஒரு புள்ளி வைத்தாள்.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியும்தானே?"

"இதென்ன கேள்வி?"

"கரையிலிருந்து எழுபத்தஞ்சு கடல் மைல் மேற்கே நிக்கிறோம். கைக்குழந்தை வேற இருக்கு."

ததேயு குனிந்து வரைபடத்தைப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"பெட்டி கெட்டுப்போச்சு."

"பெட்டி ஒழுங்காத்தான் பார்த்திருக்கு. நேரம் ஒரு நிமிஷம் பிசகினா இடம் பதினஞ்சு மைல் பிசகும். நேரத்த எதப் பார்த்து வச்சீங்க?"

"வீட்டுக் கடிகாரத்த..."

சொன்னவர் தலையில் கைவைத்தார்.

"என்ன அண்ணே?"

"எம் பொஞ்சாதி ஜெனோவா அத அஞ்சு நிமிஷம் கூட்டி வச்சிருக்கா. காலைப் பூசைக்கு நான் பிந்திடுவேனாம். எங்க வீட்டுல எல்லாருக்கும் அது தெரியும், டீச்சர்."

"பெட்டிகிட்ட யாரும் சொல்லலயே."

மர்சலின் தன் செல்போனைக் கொடுத்தாள். ததேயு அதைப் பார்த்து நேரத்தைத் திருத்தினார். பெட்டி மறுபடி வானத்தைப் பார்த்தது. இந்தத் தடவை புள்ளி கோயிலுக்குக் கொஞ்சம் தெற்கே, கரையிலேயே விழுந்தது.

"இப்ப சரியாயிட்டு!"

"ஆமா. நல்ல பெட்டி. தைரியமாக் கொண்டுபோங்க."

"அப்ப நோட்டு வேண்டாம்தானே?"

குழந்தை நோட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. மர்சலின் மெதுவாக அதன் வாயிலிருந்து எடுத்தாள்.

"பெட்டி முதல்ல தப்பாச் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

ததேயு சிரித்தார். "இந்தா, காலு மணல்ல நிக்குதே!"

மர்சலின் ஈரமான நோட்டை அவரிடம் நீட்டினாள்.

"அங்க நடுக்கடல்ல எதுல நிப்பீங்க, அண்ணே?"