பன்னிரண்டாவது கோழிக்குப் பிறகு

நப்தலி கோட்டைக்கூடக் கழற்றாமல் யூத மதகுரு ரபி ஹனோக்கின் அறைக்குள் வந்து நின்றான்.

"ஒரு சொல்லைத் திருடிட்டாங்க, ரபி."

"உட்காருங்க."

அவன் உட்காரவில்லை. அவனுக்கு நாற்பத்தாறு வயது. ரபி அவனைவிட ஒன்பது வயது இளையவர். லண்டனில் யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த அந்தத் தெருவில், தையல் வேலையை விட்டுவிட்டு, மதச் சட்டப்படி கோழி அறுப்பதற்கு அவரிடம் இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தான். மறுநாள் சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"முனையில சைக்கிள் கடை வச்சிருக்கானே, டென்னிஸ். ஒரு ஓட்டை வண்டியைத் தட்டிக் காட்டி, 'இது கோஷர்'ங்கிறான். கோஷர்னா நம்ம சட்டப்படி சாப்பிடத் தகுந்தது. சைக்கிளை யார் சாப்பிடறது? இங்கிலீஷ்காரனுக்கு இப்ப ஒழுங்கா இருக்கறது எல்லாமே கோஷர். வீட்டுப் பத்திரம் கோஷர், பந்தயக் குதிரை கோஷர். பேப்பருக்கு எழுதப்போறேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

ரபி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவன் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் கட்டைவிரல் நகத்தை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. நப்தலி கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அறுப்பதற்கு முன்னும் பின்னும் கத்தியின் கூர் விளிம்பை நகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மயிரளவு பள்ளம் தட்டினாலும், கடைசியாகச் சோதித்த பிறகு அறுத்தது எதுவும் உண்ணத் தகாது. காலையில் ரபி சொன்னபடி ஒரு கல்யாண வீட்டுக்கு, நடுவில் சோதிக்காமலே பன்னிரண்டு கோழி அறுத்தான். பன்னிரண்டாவதற்குப் பிறகு ஓட்டிப் பார்த்தபோது நகம் ஓரிடத்தில் சிக்கியது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதே இடம். கூடையோடு நின்ற கல்யாண வீட்டு ஆள், "ஆச்சா?" என்றார்.

"ஆச்சு."

அவர் போனதும் கத்தியைக் கல்லில் தேய்த்துப் பள்ளத்தைப் போக்கிவிட்டான். இந்நேரம் கோழிகளுக்கு உப்புத் தடவியிருப்பார்கள். ரத்தம் வடிந்ததும் கழுவி அடுப்பில் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் பாத்திரங்களும் ஆகாதவையாகிவிடும். சாயங்காலம் விருந்து.

"எழுதுவானேன்? நேரிலேயே கேட்டு வாங்கிடுவோம்," என்று ரபி தொப்பியை எடுத்தார்.

நப்தலி நாலடி முன்னால் போவான், நிற்பான், மறுபடி போவான். ரபி ஒரே சீராக நடந்து வந்தார்.

டென்னிஸ் மடியில் ஒரு சக்கரத்தை வைத்துக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க ரபி. நடந்து அலுத்துப்போச்சா?"

"அந்தப் பச்சை வண்டி வேணும்."

"அது வேணாம்."

"நல்லாத்தானே இருக்கு."

"பெயிண்ட் நல்லா இருக்கு. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்குல ஒரு விரிசல் ஓடுது. அது கோஷர் இல்ல."

கேட்டீர்களா என்பதுபோல நப்தலி ரபியைப் பார்த்தான். ரபி குனிந்து ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. எனக்கு வித்தவன் மேல பூசிட்டான்."

"அப்ப யாருக்கும் தெரியப்போறதில்ல. குடுத்துடுங்க."

"எனக்குத் தெரியுமே, ரபி," என்றார் டென்னிஸ். "அந்தக் கறுப்பு வண்டியை வேணா ஏறிப் பாருங்க. தாடி சங்கிலியில மாட்டாம பார்த்துக்குங்க."

"யோசிச்சுச் சொல்றேன்."

நப்தலி அதற்குள் தெருவுக்கு வந்துவிட்டான். ரபி வாசற்படியிலேயே நின்றார்.

"வந்த வேலை முடியலையே. கேட்கவா? நல்ல மனுஷன். கேட்டா அந்தச் சொல்லைக் குடுத்துடுவார்."

"வேணாம் ரபி. போலாம்."

"கேட்கறதுல ஒண்ணுமில்ல. அவர்கிட்டேருந்து வாங்கி யார் கையில குடுக்கறதுன்னுதான் தெரியல."

பால் வண்டி ஒன்று அவர்களுக்கு நடுவில் புகுந்து போயிற்று. அது போய் முடியும்வரை நப்தலி அசையவில்லை. பிறகு கையைப் பையிலிருந்து எடுத்தான்.

"பன்னிரண்டு கோழி. அறுத்த பின்னாடி பார்த்தப்ப நகம் மாட்டிச்சு. தெரிஞ்சே அனுப்பிட்டேன். சொன்னா நாளைக்குச் சான்றிதழ்..."

ரபி படியிலிருந்து இறங்கி, கல்யாண வீடு இருந்த பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"இன்னும் உப்புல இருக்கா," என்றார், "அடுப்புல ஏத்திட்டாங்களா?"