பூனை வருது, ஓடு ஓடு!

ஒரு காட்டில் வாயாடி மைனா ஒன்று இருந்தது. அதன் குரல் கேட்டால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். அது தெரிந்துதான் காட்டுப்பூனை அதைத் தேடி வந்தது.

"என் குகையில் ஓடிப்பிடித்து ஆட்டம் நடத்துகிறேன். நான் துரத்துவேன், தொட்டால் அவுட். நகம் படாது, கட்டணமும் கிடையாது. நீ கூவி ஆள் சேர்த்துவிடு. உள்ளே வருபவர் 'மைனா சொல்லி வந்தேன்' என்றால், ஆளுக்கு ஓர் அத்திப்பழம் உனக்கு!"

உட்கார்ந்த இடத்தில் பழம் என்றால் மைனாவுக்குக் கசக்குமா? குகைக்கு எதிர்க் கிளையில் அமர்ந்து, "பூனை வருது, ஓடு ஓடு! இலவச ஆட்டம், ஓடு ஓடு!" என்று ராகம் போட்டுக் கூவியது.

முயல் வந்தது. எலிகள் குடும்பத்தோடு வந்தன. ஒவ்வொருவர் நுழையும்போதும் வாசலுக்கு ஒரு பழம் உருண்டு வந்தது. பலர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். எல்லோரும் வெளியே வந்தார்களா என்று மைனா பார்க்கவில்லை. அதற்குப் பழம் தின்னவே நேரம் போதவில்லை.

"நீ உள்ளே போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டது அதன் உயிர்த்தோழி அணில்.

"எனக்கு எதற்கடி? நல்ல இடம், நம்பிப் போ!"

"நீ சொன்னால் சரி. நாளைக்கு வருகிறேன்."

மறுநாள் இன்னொரு முயல் நுழைந்ததும் உருண்டு வந்த பழத்தில் முயல் மயிர் ஒட்டியிருந்தது. அதில் ரத்தம் காயவில்லை. மைனா முதல் தடவையாகக் குகைக்குள் எட்டிப் பார்த்தது. மூலையில் எலும்புகள் குவிந்து கிடந்தன.

அலறியடித்துக் கிளைக்குத் திரும்பினால், ஒற்றையடிப் பாதையில் அணில் வந்துகொண்டிருந்தது.

"பூனை வருது! ஓடு! ஓடு!" மைனா தொண்டை கிழியக் கத்தியது.

அணில் சிரித்தது. "இதோ வந்துவிட்டேன்! இன்றைக்கு உன் கூவல் பிரமாதம்!" வாலைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடி வந்தது.

"ஐயோ, விளையாட்டில்லை! நிஜமாகவே பூனை பிடித்துவிடும்!"

"பிடித்தால்தானே ஆட்டம்!" என்று அணில் குகைக்குள் பாய்ந்தது.

மைனா பதறிப் பறந்து வாசலுக்கு வந்தது. அதற்குள் இருட்டிலிருந்து தோழியின் குரல் உற்சாகமாகக் கேட்டது: "மைனா சொல்லி வந்தேன்!"

பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஓர் அத்திப்பழம் மெல்ல உருண்டு வந்து, மைனாவின் காலடியில் நின்றது.

நீதி: நீ நுழைந்து பார்க்காத இடத்துக்குப் பிறரை அழைக்காதே.