ஒரு குடம் லாரித் தண்ணீர்

துணிக்கடை ஆவுடையப்பனுக்கு அறுபது வயது. அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்த ஆயர் பொன்மலருக்கு அவருடைய மூத்த மகளின் வயது. மனைவி இறந்த வருடம் ஆவுடையப்பன் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தார். பிறகு புதன்கிழமைதோறும் ஆயர் வீட்டுக்கே வந்து பாடம் கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறன்று அவருக்கு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. அவரோடு கீழத்தெருவிலிருந்து நான்கு பேர்: தெருக்கூட்டும் பேச்சித்தாய், அவள் கணவன், இரண்டு மகள்கள்.

அந்த வாரப் பாடம் முடிந்த பிறகும் ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை.

"ஆயரம்மா, என் தம்பி பேச்சை நிறுத்திட்டான். இனிமே வீட்டுப் படியேறக் கூடாதுன்னு சொல்லிட்டான். தண்ணியை ஊத்தின பிறகு நான் யாரைச் சேர்ந்த ஆளு? அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாமப் போயிருவேனோன்னு இருக்கு."

ஆயர் வேதப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"அதான்... ஞாயித்துக்கிழமை வேண்டாமே. சனிக்கிழமை காலையில எனக்கு மட்டும் தனியா வச்சிருங்க."

"ஏன் தனியா?"

"பேச்சித்தாயும் அவ வீட்டு ஆளுகளும் ஒரே தொட்டியில... நான் தப்பாச் சொல்லல. ஊர் அப்படி இருக்கு. கடைக்கு வர்றவங்க நாலு விதமாப் பேசுவாங்க."

ஆயர் திட்டுவார் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்தார். ஆயர் திட்டவில்லை.

"சரி. சனிக்கிழமை வாங்க. தொட்டிக்கு ஒரு குடம் தண்ணி கொண்டுவாங்க."

"கேன் தண்ணி பத்து இறக்கிருதேன்."

"கேன் வேண்டாம். லாரித் தண்ணி. கடைப் பையனை அனுப்பாதீங்க. நீங்களே பிடிச்சிட்டு வாங்க, அண்ணாச்சி."

கார்த்திகை மழையில் ஆற்றுக் குழாய் உடைந்ததிலிருந்து ஊருக்கே லாரித் தண்ணீர்தான். பெரிய தெருக்காரர்கள் கேன் வாங்கிச் சமாளித்தார்கள். லாரி கீழத்தெரு முனையில் வந்து நிற்கும்.

சனிக்கிழமை காலை ஆவுடையப்பன் எவர்சில்வர் குடத்தோடு அங்கே போனார். பிளாஸ்டிக் குடங்கள் சாக்கடை ஓரமாக நீளத்துக்கு இருந்தன. அவரைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கினார்கள். லாரிக்காரன் குழாயைக் கையில் பிடித்தபடி, "அண்ணாச்சி, முன்னால வாங்க. உங்களுக்குப் பிடிச்சு விட்டுருதேன்" என்றான்.

கால் தானாக முன்னே போயிற்று. வாழ்நாளெல்லாம் அப்படித்தான் போய்ப் பழக்கம். பாதி தூரத்தில் ஒரு பெண், யாரைப் பார்த்தும் இல்லாமல், "விடியக்காலத்துல இருந்து நிக்கோம்" என்றாள்.

ஆவுடையப்பன் நின்றார். திரும்பி நடந்து கடைசியில் போய்க் குடத்தை வைத்தார். அவருக்கு முன்னால் இருந்தது பேச்சித்தாயின் பச்சைக் குடம்.

குடங்கள் நகர்ந்தன. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சித்தாய் திரும்பி, "குடத்தை நகத்தி வைங்க அண்ணாச்சி. இடையில யாராவது புகுந்துருவாங்க" என்றாள். அவர் நகர்த்தினார். வெயில் ஏறியது. யாரோ ஒருத்தி அவருடைய கடைச் சேலை ஒரே துவைப்பில் சாயம் போனதைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

பேச்சித்தாயின் குடம் நிறைந்தது. அவர் குடத்தைக் குழாயடியில் வைத்தார். குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று.

"தீந்துட்டு அண்ணாச்சி. இனி திங்கக்கிழமைதான்" என்றான் லாரிக்காரன்.

வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு அவர் திரும்பினார்.

"இருங்க" என்றாள் பேச்சித்தாய். இடுப்பிலிருந்த குடத்தை இறக்கினாள். "கோயிலுக்குத்தானே? குடத்தைக் காட்டுங்க."

கீழத்தெருக் கையிலிருந்து அவர் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கியதில்லை. அவருக்கு அது தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் குடத்தைச் சாய்த்தபடி காத்திருந்தாள்.

ஆவுடையப்பன் குனிந்து தம் குடத்தை நீட்டினார். அவள் பாதிக்குப் பாதி ஊற்றினாள்.

ஆலயத்தில் ஆயர் வெள்ளை அங்கியோடு தயாராக இருந்தார். தொட்டி காய்ந்து கிடந்தது.

"பாதிக் குடம்தான் இருக்கு" என்றார் ஆயர்.

"தண்ணி தீந்துபோச்சு. பேச்சித்தாய் குடுத்தாங்க."

"ஞானஸ்நானத்துக்கு ஒரு செம்பு போதும். ஊத்துங்க, தொடங்குவோம்."

ஆவுடையப்பன் குடத்தைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அம்மா, அவங்க வீட்டுல இன்னைக்கு உலை வைக்கத் தண்ணி பத்தாது."

"பத்தாதுதான்."

"திங்கக்கிழமைதான் அடுத்த லாரி."

"ஆமா."

ஆவுடையப்பன் குடத்தோடு வந்த வழியே வெளியே போனார்.

கீழத்தெருவுக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தார். வீடு எதுவென்று தெரியாமல் இரண்டு இடத்தில் கேட்டார். பேச்சித்தாய் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எதுக்கு அண்ணாச்சி திருப்பிக் கொண்டாந்தீங்க?" என்று கோபித்துக்கொண்டே தண்ணீரைப் பானையில் ஊற்றினாள். அவள் மகள் வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து குடித்தார்.

அவர் திரும்பி வந்தபோது மதியம் ஆகியிருந்தது. ஆயர் அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆலயப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, நாளைக்கு அவங்களோடயே நிக்கேன்."

"நல்லது."

"ஆனா தொட்டிக்குத் தண்ணி?"

"அந்த நாலு பேரும் ஆளுக்கொரு செம்பு கொண்டுவருவாங்க. பேச்சித்தாய் நேத்தே சொல்லிட்டாங்க."

ஆவுடையப்பன் காலிக் குடத்தைப் பார்த்தார். இந்த ஆலயத்தின் மின்விசிறிகளில் பாதி அவர் வாங்கிக் கொடுத்தவை. எங்கேயும் ஒன்றும் கொண்டுபோகாமல் அவர் போனதில்லை.

"அப்ப நான் என்ன கொண்டுவரட்டும்?"

ஆயர் எழுந்து கதவைப் பூட்டினார்.

"நீங்க வெறுங்கையோட வாங்க, அண்ணாச்சி."