மைனா கொண்டுவந்த குரல்

கருங்காலிக் காட்டில் சாம்பி, துள்ளி என்று இரண்டு முயல்கள் இருந்தன. சாம்பி அக்கா, துள்ளி தங்கை.

அந்தக் கோடையில் ஓடை வற்றிவிட்டது. தண்ணீர் தேடிச் சாம்பி மலைக்கு அந்தப் பக்கம் போனாள். ஐந்து நாளாகியும் திரும்பவில்லை.

ஆறாம் நாள் உச்சி வெயில். ஓர் இலை அசையவில்லை. துள்ளி தன் இரண்டு குட்டிகளோடு புதருக்குள் படுத்திருந்தாள். அப்போது வெளியே அக்காவின் குரல் கேட்டது.

"துள்ளி! நான் இங்கேதான் இருக்கிறேன்!"

துள்ளி பாய்ந்து வெளியே வந்தாள். யாரும் இல்லை. புழுதியில் ஒரு காலடிகூட இல்லை.

"இங்கே நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஒரு பயமும் இல்லை. நாளைக்கே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வா!"

அதே குரல். பேசி முடித்ததும் அக்கா சிரிக்கும் சின்னச் சிரிப்பும் அப்படியே இருந்தது. ஆனால் அது தலைக்கு மேலேயிருந்து வந்தது. துள்ளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கிளையில் ஒரு மைனா!

"அக்கா எங்கே?"

"நான் இங்கேதான் இருக்கிறேன்!" என்றது மைனா, சாம்பியின் குரலில்.

"இங்கே என்றால்? இந்தப் புதரிலா?"

"அவள் சொன்னதைத்தானே சொல்கிறேன்! ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை!" என்றது மைனா, அதே குரலில்.

"பெரியம்மா கூப்பிடுகிறாள், நாளைக்கே போகலாம் அம்மா!" என்று குட்டிகள் துள்ளின. அவற்றின் நாக்கு வறண்டிருந்தது.

துள்ளி மட்டும் நகரவில்லை. "மைனாவே, அக்கா குரலை விடு. உன் குரலில் சொல். அவள் 'நான்' என்றால் நீ 'அவள்' என்று சொல். 'இங்கே' என்றது எந்த இடம்? 'நாளைக்கு' என்றது எந்த நாள்?"

மைனா தடுமாறியது. சொந்தக் குரலில் பேசி அதற்குப் பழக்கமே இல்லை.

"சாம்பி... தான் தாழங்குளத்தில் இருப்பதாகச் சொன்னாள். அங்கே நிறையத் தண்ணீர் இருந்ததாம். அப்போது ஒரு பயமும் இல்லையாம். மறுநாளே உன்னை வரச் சொன்னாள்."

"எந்த நாளுக்கு மறுநாள்?"

மைனா தலையைக் கவிழ்த்தது. "அவள் சொல்லி நாலு நாளாகிறது. வழியில் ஆலம்பழம் பழுத்திருந்தது..."

துள்ளி திடுக்கிட்டாள். அக்கா சொன்ன 'நாளை' எப்போதோ கடந்துவிட்டதே! குட்டிகளைப் புதரிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் புறப்பட்டாள். மைனா வழிகாட்டியது.

தாழங்குளம் நிரம்பிக் கிடந்தது. ஆனால் ஒரு தவளை கத்தவில்லை. ஒரு பறவை இறங்கவில்லை. துள்ளி புதர் மறைவில் நின்றாள்.

மைனா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டது. "ஒரு பயமும் இல்லை!"

சாம்பியின் குரல் தண்ணீர்மேல் போயிற்று. கரையில் வேர்போலக் கிடந்த ஒன்று மெல்லத் தலை தூக்கியது. மலைப்பாம்பு! அதன் வயிறு உப்பியிருந்தது. தெரிந்த குரலைக் கேட்டதுபோல அது மைனாவின் பக்கம் தலையைத் திருப்பியது. அதன் அருகே கொஞ்சம் சாம்பல்நிற மயிர் சிதறிக் கிடந்தது.

துள்ளி வாய்விட்டு அழக்கூட இல்லை. சத்தமில்லாமல் பின்வாங்கி ஓடினாள். குட்டிகளை அழைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தாள். மறுநாள் ஒரு பாறை இடுக்கில் சுனை கிடைத்தது. குட்டிகள் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் அக்காவுக்காக அழுதாள்.

பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, யார், எங்கே, எப்போது சொன்னது என்பதையும் விளங்கச் சொல்லாவிட்டால், உண்மையான சொல்லும் ஆளைக் கொல்லும்.